அக்காவிடம் நான் சொன்ன ‘ஆமா’

1

இந்த மாதத்தோடு நான் ஜெர்மனிக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. மான்ஹைமில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் கேக் வெட்டினார்கள். எங்கள் குழுவின் தலைவி ஹான்னா, நரம்பியல் மருத்துவர், என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். போன வருஷம் இதே மாதத்தில் நடந்ததை ஹான்னாவைத் தவிர இங்கே யாருக்கும் சொல்லவில்லை. அவருக்கும் பாதிதான் தெரியும். ஊரில் இருக்கிறவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். வெளிநாட்டில் ஒரு தம்பியோ மகனோ இருக்கிற வீடுகளில் கட்டாயம் படிக்கட்டும்.

முதலில் என் வேலை. நான் டாக்டர் இல்லை. மதுரையில் எம்.எஸ்ஸி. உயிர்வேதியியல் படித்துவிட்டு இங்கே வந்த லேப் டெக்னீசியன். அறுவை சிகிச்சையில் எடுத்த மூளைக் கட்டிகளின் சிறு துண்டுகள் எங்களுக்கு வரும். பெயர் இருக்காது, எண் மட்டும் இருக்கும். அதிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, அதன் மேல் எங்கெங்கே மெத்தில் ஒட்டியிருக்கிறது என்று கருவியில் படித்துக் கொடுப்பேன். மெத்தில் என்பது மிகச் சிறிய ஒரு வேதிப்பொருள். அது ஒரு ஜீனின் வாசலில் ஒட்டிக்கொண்டால் பெரும்பாலும் அந்த ஜீன் வாயை மூடிக்கொள்ளும்.

மதுரையில் எங்கள் வில்லாபுரத்தில் என் பெயர் ‘ஜெர்மனி டாக்டர்’. என் கூடப்பிறந்த செல்வி அக்கா அப்படித்தான் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். வந்த புதிதில் இரண்டு தடவை திருத்தினேன். பிறகு விட்டுவிட்டேன். விட்டுவிட்டேன் என்பதைவிட, அது எனக்குப் பிடித்திருந்தது என்று சொல்வதுதான் நேர்மை. இங்கே பேருந்தில் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காராத நாட்களில், அங்கே ஒரு தெரு முழுக்க நான் டாக்டர் என்று நினைத்துக்கொள்வது ஒரு ஆறுதலாக இருந்தது.

2

அக்காவின் வீட்டுக்காரர் ஒச்சப்பன் மச்சானுக்கு எழுமலைப் பக்கம் சொந்த ஊர். வில்லாபுரத்தில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். ஆழ்துளைக் கிணற்றில் மோட்டார் மாட்டிக்கொண்டால் எழுமலை, உசிலம்பட்டி வரைக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் அப்பா இறந்தபோது நான் பிளஸ் டூ. அதற்குப் பிறகு என்னைப் படிக்க வைத்தது மச்சான்தான். அதை ஒரு நாளும் அவர் சொல்லிக் காட்டியதில்லை.

போன வருஷம் சித்திரையில் எழுமலையில் ஒரு தோட்டத்தில் மோட்டாரை மேலே தூக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். வாயில் நுரை, கை கால் வெட்டி இழுத்தது. வெயில் என்றார்கள். மதுரைக்குக் கொண்டுவந்து ஸ்கேன் எடுத்தால் மூளையில் இடது பக்கம் கட்டி. பத்து நாளில் ஆபரேஷன். எடுக்க முடிந்த அளவு எடுத்துவிட்டார்கள். இனிமேல் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும், கூடவே கட்டிக்கு மாத்திரை, வலிப்பு வராமலிருக்க ஃபெனிடாயின் என்று இன்னொரு மாத்திரை.

அப்போது ஒரு வாரம் லீவு போட்டு ஊருக்குப் போய்விட்டு வந்தேன். திரும்பி வந்த பிறகுதான் கட்டியின் ரிப்போர்ட் வந்தது. அக்கா வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். வேலையிலிருந்து வந்து சட்டை மாற்றாமல் படித்தேன். நான் தினமும் கருவியில் படிக்கிற அதே ஜீன், அதே சொல்: மெத்திலேட்டட். உடனே கூப்பிட்டேன்.

“அக்கா, இது நல்ல செய்தி.”

“என்னடா போட்டிருக்கு? எனக்கு ஒரு எழவும் வெளங்கல.”

“கட்டிக்குக் குடுக்கிற மாத்திரை கட்டியோட டி.என்.ஏ.வை ஒடைக்கும். அதை ஒட்ட வச்சுச் சரிபண்றதுக்குக் கட்டிக்குள்ள ஒரு ஜீன் இருக்கு. மச்சானுக்கு அந்த ஜீன் பூட்டிக் கெடக்கு. அதனால மாத்திரை நல்லா வேலை செய்யும்.”

அக்கா ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். ஆனால் அடுத்து அவள் கேட்டது எங்கள் ஆய்வகக் கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வி.

“அந்தப் பூட்டை எதுல செய்யுது ஒடம்பு?”

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அதுதானே எங்கள் குழு பார்க்கிற விஷயமே. ஃபோலேட் என்று ஒரு சத்து இருக்கிறது, கீரையிலும் பயறிலும் இருப்பது, மாசமாக இருக்கிறவர்களுக்கு மாத்திரையாகக் கொடுப்பார்களே அதுதான் என்றேன். அந்தச் சத்திலிருந்து மெத்திலை உருவாக்கிக் கை மாற்றிக் கை மாற்றிக் கொண்டுபோகச் சில ஜீன்கள் இருக்கின்றன. சில பேருக்குப் பிறவியிலேயே அந்த ஜீன்கள் மந்தமாக வேலை செய்யும். அப்படிப்பட்டவர்களுக்குக் கட்டி வந்தால் அதில் பூட்டு வேறு மாதிரி விழுகிறதா என்றுதான் நாங்கள் தேடுகிறோம் என்றேன். தமிழில் இதை இவ்வளவு தெளிவாக நான் யாருக்கும் சொன்னதில்லை. என் குரலை நானே ரசித்துக்கொண்டிருந்தேன்.

“அப்ப அந்தச் சத்து ஒடம்புல கூட இருந்தா பூட்டு இன்னும் கெட்டியா விழும், அப்படித்தான?”

வாசலில் என் மகள் நிலா வந்து நின்றாள். சோறு ஆறுகிறது என்று கையால் சைகை காட்டினாள்.

“ஆமாக்கா, அப்படித்தான். சரி, வைக்கிறேன், அப்பறம் பேசுறேன்.”

அது யாருக்கும் தெரியாத விஷயம். சத்தைக் கூடுதலாகத் தின்றால் கட்டிக்குள் என்ன ஆகும் என்பதற்கு எங்களிடம் பதில் இல்லை. பூட்டும் விழலாம், ஒன்றும் ஆகாமலும் போகலாம். செல் பெருகுவதற்கும் அதே சத்துதான் வேண்டும், அதனால் கட்டியே அதைத் தின்று வளரவும் கூடும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் சொன்னேன் அந்த ‘ஆமா’வை.

3

கரண்ட் வைத்து முடிந்து இரண்டு மாதம் மச்சான் நன்றாக இருந்தார். கடைக்குப் போய் உட்கார்ந்தார். ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, எனக்கு இங்கே மதிய இடைவேளை, ரேவதி கூப்பிட்டாள். அக்காவின் ஒரே மகள், வாடிப்பட்டியில் வாக்கப்பட்டிருக்கிறாள். அழுகையில் வார்த்தை புரியவில்லை.

“மாமா... அப்பாவுக்கு மறுபடி ஃபிட்ஸ். காலைல இருந்து மூணாவது தடவை. இப்ப கண்ணே தொறக்கல. ஐ.சி.யு.ல வச்சிருக்காங்க.”

“நீ எங்க இருக்க?”

“இப்பத்தான் பஸ் ஏறிருக்கேன். அம்மா மட்டும்தான் அங்க இருக்கு. மாமா, கட்டி திரும்ப வந்துருச்சா?”

எனக்கும் அதுதான் முதலில் தோன்றியது. ஹான்னாவின் அறைக்கு ஓடினேன். அவசரத்தில் ஜெர்மன் வாயில் வரவில்லை. என் மச்சானுக்கு ‘கிராம்ஃப்’ என்றேன். அவர் பரிவாகப் பார்த்து, மெக்னீசியம் சாப்பிடச் சொல்லுங்கள் என்றார். அந்தச் சொல்லைத் தனியாகச் சொன்னால் கெண்டைக்காலில் வருகிற சுளுக்கு மாதிரியான பிடிப்பு. வலிப்பு என்றால் அதன் பின்னால் இன்னொரு சொல் சேர வேண்டும். பதினோரு வருஷம் ஆகியும் அந்த வால் என் வாயில் ஒட்டவில்லை. தலையைக் காட்டி, விழுவது போல நடித்துக் காட்டினேன். அவர் முகம் மாறியது.

“உடனே கிளம்புங்கள்” என்றார்.

கிளம்ப முடியாது. இங்கே தங்க அனுமதிக்கிற என் குடியிருப்பு அட்டையின் காலம் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. புதுப்பிக்க மனு போட்டிருந்தேன், நேர்காணலுக்கு ஐந்து வாரம் கழித்துத் தேதி தந்திருந்தார்கள். இடையில் வைத்துக்கொள்ளத் தாள் ஒன்று தருவார்கள், அதுவும் வந்து சேரவில்லை. அது இல்லாமல் போனால் திரும்பி வர முடியாது. மறுநாள் காலை வெளிநாட்டவர் அலுவலகம் திறப்பதற்கு முன்னாலேயே போய் நின்றேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாள் பொறுமையாகத்தான் பேசினார்.

“நோயாளி உங்கள் தந்தையா?”

“இல்லை.”

“உடன்பிறந்தவரா? பிள்ளையா?”

“என் அக்காவின் கணவர்.”

“அது முதல்நிலை உறவு இல்லை. அவசரத் தேதி தர விதி இல்லை. வருந்துகிறேன்.”

என்னை வளர்த்தவர் என்று எப்படிச் சொல்வது? சொல்லிப் பார்த்தேன். வளர்ப்புத் தந்தை என்றால் அதற்கான சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டார்.

4

அன்று மாலையே ஸ்கேன் முடிவு வந்தது. கட்டி வளரவில்லை. வீக்கம்கூட வடிந்திருந்தது. ஆனால் ரத்தத்தில் வலிப்பு மாத்திரையின் அளவு இருக்க வேண்டியதைவிட மிகக் கீழே கிடந்தது. மாத்திரை கொடுக்காமல் விட்டிருக்கிறீர்கள் என்று டாக்டர் அக்காவிடம் சொல்லியிருக்கிறார்.

நானும் அக்காவிடம் எரிந்து விழுந்தேன். “உண்மையச் சொல்லு, ஒரு வேளையாச்சும் மறந்தியா?”

“சத்தியமா இல்லடா. டப்பாவுல நாள் எழுதி வச்சு எண்ணி எண்ணிக் குடுத்தேன். என்னைய நீயும் நம்ப மாட்டியா?”

“வீடியோவுல வா. அவரு சாப்பிடுற மாத்திரை அம்புட்டையும் எடுத்துக் காட்டு.”

ஐ.சி.யு. வாசல் பெஞ்சில் அக்கா மஞ்சள் பையைக் கவிழ்த்தாள். ஒவ்வொரு அட்டையாகத் தூக்கிக் காட்டினாள். ஃபெனிடாயின். வயிற்றுப் புண்ணுக்கு ஒன்று. வீக்கத்துக்கு ஒன்று. கட்டிக்கு ஒன்று. கடைசியாகச் சின்னச் சின்ன மஞ்சள் மாத்திரை உள்ள அட்டைகள் ரப்பர் பேண்டு போட்டு ஒரு கட்டாக இருந்தன.

“அது என்ன?”

“இதுவா? அந்த ஃபோலிக் மாத்திரைதான். மெடிக்கல்ல கேட்டேன், குடுத்தாக.”

“யாரு எழுதிக் குடுத்தா?”

அக்கா என்னைப் புரியாமல் பார்த்தாள். “நீதானடா சொன்ன. பூட்டு கெட்டியா விழும்னு. காலைல ரெண்டு, ராத்திரி ரெண்டு. ஒரு நாள் கூட விடல.”

போனை மேசையில் வைத்துவிட்டேன். திரையில் ஆஸ்பத்திரியின் மேல்கூரையும் மின்விசிறியும் தெரிந்துகொண்டிருந்தன. அக்கா “தம்பி, தம்பி” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

ஹான்னாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். மெதுவாகச் சொன்னார். ஃபோலிக் ஆசிட் அதிகமாகப் போனால் ஃபெனிடாயினை உடம்பு வேகமாகக் கழித்துவிடும், ரத்தத்தில் அளவு இறங்கும், அடங்கியிருந்த வலிப்பு திரும்ப வரும். சில நேரம் டாக்டர்களே இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதுண்டு, ஆனால் குறைந்த அளவில், ரத்தத்தைச் சோதித்துக்கொண்டு.

“அவருக்கு யார் கொடுத்தது?” என்று கேட்டார்.

“வீட்டில் கொடுத்திருக்கிறார்கள்” என்றேன்.

5

இனி சொல்லப் போவதுதான் எனக்கு எழுதக் கூசுகிற பகுதி.

மதுரை டாக்டரின் எண் என்னிடம் இருந்தது. கூப்பிட்டு மஞ்சள் மாத்திரையைப் பற்றிச் சொன்னேன். அவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. “நல்ல வேளை சொன்னீங்க. உடனே நிறுத்திட்டு மருந்தை மாத்திடுறேன். ஆமா, இதை யாரு குடுக்கச் சொன்னது?”

ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். “அக்கா தானா வாங்கிக் குடுத்திருக்காங்க சார்” என்றேன்.

பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள்தானே கடைக்குப் போனாள், அவள்தானே கொடுத்தாள்.

அன்று டாக்டர் வார்டு வாசலில் எல்லோர் முன்னாலும் அக்காவைத் திட்டியிருக்கிறார். நீங்களே வைத்தியம் பார்ப்பதாக இருந்தால் எங்களிடம் எதற்கு வந்தீர்கள் என்று. எழுமலையிலிருந்து வந்திருந்த மச்சானின் சொந்தக்காரர்கள் பக்கத்திலேயே நின்றிருக்கிறார்கள். மறுநாள் ரேவதி கூப்பிட்டாள். மச்சான் இன்னும் கண் திறக்கவில்லை.

“மாமா, அம்மா நேத்துல இருந்து தண்ணிகூடக் குடிக்க மாட்டேங்குது. கேட்டா பேசவும் மாட்டேங்குது. எங்க பெரியப்பா சொல்றாரு, கட்டுனவளே மருந்து வச்சுட்டான்னு. நானும் கோவத்துல ஏதோ சொல்லிட்டேன் மாமா. நீங்க டாக்டரு, நீங்களாச்சும் அதுக்கு நல்ல புத்தி சொல்லுங்க.”

என் பெயரை அக்கா யாரிடமும் சொல்லவில்லை. ரேவதியிடம்கூடச் சொல்லவில்லை. அத்தனை பேர் முன்னால் நின்று வாங்கிக்கொண்டாளே தவிர, என் தம்பிதான் சொன்னான் என்று வாயைத் திறக்கவில்லை.

போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசிக்கொண்டிருந்தேன். சமையலறையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த நிலா திரும்பினாள். பதினான்கு வயது. நாங்கள் தமிழில் கேட்பதற்கு ஜெர்மனில்தான் பதில் வரும். அத்தையையும் மாமாவையும் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கிறவள். நாங்கள் பேசுவதை அவள் கவனிப்பதே இல்லை என்று என் மனைவியிடம் எத்தனையோ தடவை குறைப்பட்டிருக்கிறேன்.

“அந்த மாத்திரையைப் பற்றி அத்தையிடம் சொன்னது நீங்கள்தானே?” என்று ஜெர்மனில் கேட்டாள். “நான் வாசலில் நின்றேன். அத்தை கேட்டார்கள். நீங்கள் ஆமா என்றீர்கள்.”

“அது அப்படி இல்ல கண்ணு, நான் சும்மா...”

“ஆமா என்றீர்கள்” என்றாள் மறுபடியும். கோபமே இல்லை. பார்த்ததைச் சொல்கிற குரல். “பிறகு ஏன் எல்லோரும் அத்தையைத் திட்டுகிறார்கள்?”

ஊரில் வளர்ந்திருந்தால் பெரியவர்கள் பேச்சில் இப்படிக் குறுக்கே வரக்கூடாது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நானும் அதட்டத்தான் வாயெடுத்தேன். அவள் கத்தியைக் கீழே வைக்காமல் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

ரேவதி இன்னும் லைனில் இருந்தாள். “மாமா, நிலா என்ன சொல்லுது?” என்றாள்.

சொன்னேன். முழுதாகச் சொன்னேன். அந்த மாத்திரையை வாங்க வைத்தது என் பேச்சு, அது எனக்கே உறுதியாகத் தெரியாத விஷயம், நேற்று டாக்டரிடம் அதை மறைத்தேன். கடைசியாக, நான் டாக்டரே இல்லை, லேப்பில் வேலை பார்க்கிறேன் என்றேன். ரேவதி போனை வைத்துவிட்டாள்.

பிறகு மதுரை டாக்டரைக் கூப்பிட்டேன். கேட்டுவிட்டு, “இதை நேத்தே சொல்லியிருக்கலாமே. அந்த அம்மாவ நான் தேவையில்லாம பேசிட்டேன்” என்றார். அவர் போய் அக்காவிடம் வருத்தம் சொன்னதாகப் பின்னால் தெரிந்துகொண்டேன். நான் கூப்பிட்டபோது அக்கா எடுக்கவில்லை.

6

நாலாம் நாள் மச்சான் கண் திறந்தார். வேறு மருந்து கொடுத்ததில் வலிப்பு நின்றது. வலது கை மட்டும் கொஞ்ச நாள் சொன்னபடி கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து அவரே கூப்பிட்டார், பேச்சு இழுத்து இழுத்து வந்தது.

“மாப்ள, எல்லாம் கேள்விப்பட்டேன். நீ சாப்பிட்டியா?”

“மச்சான், நான்...”

“விடு. தெரிஞ்சு செஞ்சியா என்ன? ஆனா ஒங்கக்காகிட்ட என்னால ஒன்னும் சொல்ல முடியாது. அது ஒங்க ரெண்டு பேரு பாடு.”

அக்கா பேசவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம். தீபாவளிக்குக் கூப்பிட்டேன், பொங்கலுக்குக் கூப்பிட்டேன், மச்சான்தான் எடுத்தார். எனக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. அந்த மஞ்சள் மாத்திரைகள் கட்டிக்கு என்ன செய்திருக்கும்? ஆய்வகத்தில் எண் போட்ட துண்டுகளைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அதுதான் ஓடும். பூட்டியிருந்ததைக் கெட்டியாக்கியதா, மிச்சமிருந்த நாலு செல்லுக்குத் தீனி போட்டதா? பதில் சொல்லக்கூடியவர் யாரும் இல்லை என்பதை வேலையாகவே தெரிந்து வைத்திருப்பது கொடுமையான விஷயம்.

நேர்காணல் முடிந்தும் குடியிருப்பு அட்டை மாசியில்தான் கைக்கு வந்தது. மச்சானுக்கு அடுத்த ஸ்கேன் பங்குனியில் என்று ரேவதி செய்தி அனுப்பினாள். அவளும் அதற்கு முன் பேசவில்லை. செய்தியில் தேதியும் நேரமும் மட்டும் இருந்தன. டிக்கெட் போட்டேன்.

மதுரை விமான நிலையத்திலிருந்து வில்லாபுரம் பக்கம்தான். ஆட்டோவில் போய் இறங்கினேன். அக்கா கதவைத் திறந்தாள், வா என்றாள், காப்பி கொடுத்தாள். நான் எப்போதும் படுக்கிற அறையில் பாய் விரித்திருந்தது. மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதுதான் என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

“டாக்டர்கிட்ட நான் பேசிக்கிறேன். நீ வாயத் தொறக்கக் கூடாது.”

“சரிக்கா.”

“பக்கத்துல இருந்தாப் போதும்.”

ஸ்கேன் அறைக்குள் மச்சானைக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்கள். வெளியே நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். உள்ளே அந்த மெஷின் தட்டுகிற சத்தம் கேட்டது. அதன் பிறகு டாக்டர் அறை வாசலில் ஒரு மணி நேரம். அக்கா பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, கேட்க வேண்டியதை ஒவ்வொன்றாக மறுபடி படித்துக்கொண்டாள். என்ன எழுதியிருக்கிறாள் என்று எட்டிப் பார்க்கத் தோன்றியது. பார்க்கவில்லை.

டாக்டர் படங்களை வெளிச்சத்தில் மாட்டி வைத்து நிதானமாகப் பார்த்தார்.

“போன தடவை எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கும்மா. வளரல” என்றார். “மூணு மாசம் கழிச்சு வாங்க. அது வரைக்கும் இதே மாத்திரைதான்.”

அக்கா நோட்டைப் பார்த்து நாலு கேள்வி கேட்டாள். நாலுக்கும் பதில் வாங்கி எழுதிக்கொண்டாள். நான் வாயைத் திறக்கவில்லை.

மச்சான் டீ குடிக்க எதிர்ப்பக்கம் போனார். வண்டிகள் நிறுத்தும் இடத்தில் வேப்பமர நிழலில் அக்கா நின்றாள். நோட்டைப் பைக்குள் வைக்கப் போனவள், அதை வைத்தே என் தோளில் அடித்தாள். ஒரு அடி, இரண்டு அடி. பிறகு அழுகை வந்துவிட்டது.

“அத்தனை பேரு முன்னால என்னைய ஏன்டா தனியா விட்ட?”

என்னென்னமோ சொல்ல யோசித்து வைத்திருந்தேன். ஐந்து மாதமாக யோசித்தவை. கடைசியில் சொன்னது இதுதான்.

“பயந்துட்டேன்க்கா.”

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

“நானுந்தான்டா பயந்தேன்” என்றாள்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் மச்சான் டீ கிளாசை இடது கையில் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடைக்காரரிடம் திரும்பி, இன்னும் ரெண்டு டீ சொன்னார்.